காணப்படவில்லை

மண் ஆய்வகத்தில் பொன்னுலிங்கத்துக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். எக்ஸ்ரே கருவி மரப்பெட்டியில் வந்து இறங்கிய நாளில், அந்தப் பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கியவர் அவர்தான். கருவியை இயக்கத் தெரியும். பழுதானால் எங்கே கை வைக்க வேண்டும் என்றும் தெரியும். அது போட்டுத் தரும் தாளை வாசிக்க மட்டும் தெரியாது.

நாற்பத்தாறு வயதில் அதையும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். பேராசிரியர் ஜெனோவா அவரை ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டார். ஜெனோவா அவரைவிட ஏழு வயது இளையவர், குமரிக் கடற்கரைக்காரர். ஆய்வகத்தில் எல்லோரையும் போல அவரும் 'லிங்கண்ணா' என்றுதான் கூப்பிடுவார். பாடம் என்று உட்கார்ந்துவிட்டால் அந்த உறவெல்லாம் கிடையாது.

சில வாரம் பாடம் எடுத்த பின் ஒரு தாளை விரித்தார்.

"என்ன தெரியுது?"

"முகடு முகடா இருக்கு மேடம். பெருசும் சின்னதுமா."

"எதனால?"

"மண்ணு மேல எக்ஸ் கதிர் பட்டா, ஒவ்வொரு கனிமமும் அதை ஒவ்வொரு கோணத்துல திருப்பி அனுப்பும். அந்தக் கோணத்துல முகடு எழும்பும். எந்த இடத்துல முகடு, எவ்வளவு உயரம்னு பாத்தா மண்ணுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"எல்லாமே தெரிஞ்சிடுமா?"

பொன்னுலிங்கம் யோசித்தார்.

"ஒழுங்கா அடுக்கி இருக்கிறதுதான் தெரியும்" என்றார் ஜெனோவா. "வேர், மக்கு, புழு எதுவும் தெரியாது. கனிமமே ஆனாலும் நூத்துல ரெண்டு பங்குக்குக் கீழே இருந்தா பெரும்பாலும் தெரியாது."

பொன்னுலிங்கம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

*

அந்த வருடம் நவம்பரில் மேல்கூடல் எஸ்டேட்டில் மலை சரிந்தது. தேயிலைச் செடிகளோடு ஒரு பக்கம் முழுக்க நழுவி வந்து தொழிலாளர் குடியிருந்த ஆறு லைன் வீடுகளின் மேல் படுத்துக்கொண்டது. பதினோரு பேர் போனார்கள். பத்து உடல்கள் கிடைத்தன.

கிடைக்காதது இந்திராணியின் உடல். இருபத்திரண்டு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தவள், அப்பாவுக்கு இருமல் விடவில்லை என்று லீவை நீட்டித்துத் தங்கியிருந்தாள். அப்பா சன்னாசி அன்று தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அவருக்கு வேறு பிள்ளை இல்லை. மனைவி எப்போதோ இறந்துவிட்டாள்.

சரிவு ஏன் வந்தது, இன்னும் வருமா என்று பார்க்கும் பொறுப்பு ஜெனோவாவிடம் வந்தது. டிசம்பரில் பொன்னுலிங்கம் மண் எடுக்கப் போனார். சன்னாசி யாரும் கூப்பிடாமலே வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். மூன்று நாளும் மூட்டைகளை அவரே முதுகில் சுமந்து ஜீப்புக்குக் கொண்டுவந்தார்.

"இதை என்ன சார் பண்ணுவீங்க?"

"மெஷின்ல வெச்சுப் பாப்போம்."

"பாத்தா?"

"மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டும்."

சன்னாசி அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் அவர் ஆய்வக வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்குவாளி. மூன்று பஸ் மாறி வந்திருந்தார். ஜெனோவா அன்று வெளியூரில் இருந்தார்.

வாளி நிறைய மண்.

"எங்க வீட்டுக் கதவு கிடந்த இடத்துல எடுத்தேன் சார். இதுல என் பிள்ளை இருக்காளான்னு பாத்துச் சொல்லுங்க."

பொன்னுலிங்கம் வாளியை வாங்கி மேசை மேல் வைத்தார்.

"எல்லாரும் காரியம் பண்ணிட்டாங்க. எனக்குத்தான் எங்க பண்றதுன்னு தெரியல. மூணு ஏக்கர் சேறு சார். எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் முதுகுக்குப் பின்னால அவ இருக்கிற மாதிரி இருக்கு. இடம் தெரிஞ்சா போதும்."

கருவியால் அது முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால், ஓட்டிப் பார்த்துவிட்டு எதுவும் வரவில்லை என்று சொல்வது சுலபமாக இருக்கும் என்று பொன்னுலிங்கத்துக்குத் தோன்றியது. மண்ணை உலர்த்தினார். சிறிய கல்வத்தில் போட்டு அரைத்தார். வழக்கமாகச் செய்கிற வேலைதான். அன்று கை கூசியது.

கருவி நாற்பது நிமிடம் ஓடியது. சன்னாசி ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கருவியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் வந்தது. மற்ற மூட்டைகளில் இருந்த அதே கனிமங்கள்.

சன்னாசி எழுந்து வந்து குனிந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். பெரிய முகடுகளைத் தாண்டி, ஓரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு மேட்டில் விரல் நின்றது.

"இது என்ன சார்?"

கருவி ஓடும்போது கோடு நடுங்கும். அதில் எழும் மேடு அது. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

"அது..." என்றார் பொன்னுலிங்கம்.

"என் பிள்ளையா?"

பொன்னுலிங்கம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

சன்னாசி தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது பொன்னுலிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த மண்ணைப் பொன்னுலிங்கம் பதிவேட்டில் ஏற்றவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சன்னாசி போன் செய்தார்.

"கல்லு நட்டுட்டேன் சார். காரியமும் முடிஞ்சுது. பக்கத்துலயே குடிசை போட்டுட்டேன். இப்பல்லாம் தூக்கம் வருது."

பொன்னுலிங்கமும் அன்று நன்றாகத் தூங்கினார்.

*

மே மாதம் மலையின் மேல் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் தெரிந்தது. அதன் அடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் களிமண். அதைக் கண்ணாடித் துண்டில் படிய வைத்து ஒரு முறை ஓட்டினார்கள். பிறகு கிளைக்கால் என்ற ரசாயனத்தின் ஆவியில் ஒரு நாள் வைத்து மறுபடி ஓட்டினார்கள்.

ஜெனோவா கேட்டார்: "ரெண்டு தாளுக்கும் என்ன வித்தியாசம்?"

"முதல் முகடு இடது பக்கம் நகர்ந்திருக்கு மேடம்."

"அப்படின்னா?"

"அடுக்கு விரிஞ்சிருக்கு. இது உப்புற களிமண். தண்ணி குடிச்சா உப்பும், வழுக்கும்."

"மழை எப்போ?"

"ஜூன் முதல் வாரம்."

அன்றே அறிக்கை போனது. மாவட்ட நிர்வாகம் வேகமாக வேலை செய்தது. சரிவுக்குக் கீழே இருந்த முப்பத்தொரு குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

ஜூன் இரண்டாம் தேதி வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) ஜெனோவாவைப் போனில் கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்துட்டாங்க மேடம். ஒருத்தர் மட்டும் வரமாட்டேங்கறார். போலீஸ் வந்து தூக்கிட்டுப் போனாலும் மறுநாள் திரும்பிப் போயிடறார். கேட்டா, உங்க ஆய்வகத்துல மெஷின்ல பாத்து அவர் மக அங்கதான் இருக்கான்னு சொன்னதாச் சொல்றார். அப்படி ஏதாவது உண்டா?"

ஜெனோவா போனை வைத்துவிட்டுப் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்.

பொன்னுலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த முகத்துக்கு நேரா 'இல்லை'ன்னு எப்படி மேடம் சொல்றது?"

ஜெனோவா தங்கள் அறிக்கையின் நகலை எடுத்து அவர் முன் வைத்தார்.

"நாம தேடிக் கிடைக்காத கனிமத்துக்கு இதுல என்ன எழுதியிருக்கீங்க?"

பொன்னுலிங்கம் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். "காணப்படவில்லை."

"'இல்லை'ன்னு ஏன் எழுதல?"

"இருக்கலாம் மேடம். நம்ம கருவிக்குத் தெரியாம இருக்கலாம்."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

பொன்னுலிங்கம் அறிக்கையை மூடி வைத்தார்.

"வாசல்ல இருக்கிற பூந்தொட்டியில ஒரு பிடி மண் எடுங்க" என்றார் ஜெனோவா. "அரைச்சு ஓட்டுங்க. அந்தத் தாளோட கிளம்புவோம்."

பொன்னுலிங்கம் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

*

ஜீப் மலையேறும்போது தூறல் தொடங்கியிருந்தது. ஒரு வளைவில் ஜெனோவா தானாகவே ஆரம்பித்தார்.

"எனக்கு எட்டு வயசு. அப்பா கடலுக்குப் போனார், திரும்பல. அம்மா பன்னிரண்டு நாள் பட்டினி. அப்பாவோட தொழிலுக்குப் போற ஒருத்தர் வந்து, கொச்சி துறைமுகத்துல அவரைப் பாத்தேன், தாடி வளத்திருக்கார், கூப்பிட்டேன், கூட்டத்துல போயிட்டார்னு சொன்னார். அம்மா அன்னிக்குச் சாப்பிட்டாங்க."

ஜீப் அடுத்த வளைவில் திரும்பியது.

"அப்புறம் பதினாலு வருஷம் அம்மா அந்த வீட்டை விட்டு நகரல. கடல் உள்ளே வந்து பின்சுவர் விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் மேட்டுக்குப் போயிட்டாங்க. அம்மா போகல. அப்பா வந்து தேடுவாரேன்னு."

"அந்த மனுஷன் கெட்டவரா மேடம்?"

"ரொம்ப நல்லவர். எங்க மூணு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்ததே அவர்தான்."

"பொய்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவார். அம்மா முன்னால உட்காருவார். வாய் திறப்பார். காபி மட்டும் குடிச்சிட்டுப் போயிடுவார்."

ஜீப் நின்றது.

"நான் சொல்லட்டுமா மேடம், நீங்க சொல்றீங்களா?"

"அன்னிக்குச் சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு ஜெனோவா இறங்கினார்.

*

சேறு காய்ந்து இறுகி, அதன் மேல் புல் முளைத்திருந்தது. நடுவில் ஒரு கல், மஞ்சள் பூசியது. பக்கத்தில் செவ்வந்திச் செடிகள். தார்ப்பாய் போட்ட குடிசைக்குள் அடுப்பு புகைந்தது. சன்னாசி வெளியே வந்து, பொன்னுலிங்கத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாங்க சார். இந்திராணியப் பாக்க வந்தீங்களா?"

தார்ப்பாயின் அடியில் உட்காரச் சாக்கு விரித்தார். பால் இல்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். இருமல் நின்றிருந்தது. உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது. பொன்னுலிங்கம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஐயா, நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

சன்னாசி சிரித்தார்.

"யாரு சார் சொல்லச் சொன்னது? ஆர்.ஐ.யா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன். அந்த மெஷினுக்குக் கல்லும் களிமண்ணும்தான் தெரியும். மனுசங்களத் தெரியாது. நீங்க கேட்டப்போ எனக்கு மனசு தாங்கல. ஆமான்னுட்டேன்."

"முந்தாநாள் போலீஸ்காரர் வந்தார். நேத்து ஒருத்தர் வந்து, கீழ வீடு தர்றோம்னார். இன்னிக்கு உங்களை அனுப்பியிருக்காங்க." அவர் கோபப்படவே இல்லை. "அன்னிக்கு நீங்க சொல்றப்போ உங்க முகத்தைத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணு கலங்கியிருந்துச்சு. அது பொய் சொல்ற முகம் இல்ல. இன்னிக்குத்தான் உங்களுக்கு வாய் நடுங்குது."

மழை வலுத்தது.

ஜெனோவா முதன்முறையாகப் பேசினார்.

"ஐயா, அந்தத் தாள் இருக்கா?"

சன்னாசி உள்ளே போய் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த தாளைக் கொண்டுவந்தார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சின்ன மேட்டின் மேல் ஒரு குங்குமப் பொட்டு.

ஜெனோவா தன் பையிலிருந்த இன்னொரு தாளை அதன் பக்கத்தில் விரித்தார்.

"இதைப் பாருங்க."

சன்னாசி குனிந்தார். பழக்கப்பட்ட விரல் கோட்டின் மேல் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. அதே எறும்பு அளவு மேடு. விரல் மேலும் நகர்ந்தது. இன்னொன்று. அவர் மெதுவாக எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நிறுத்தினார்.

"இதெல்லாம் யாரு?"

"யாரும் இல்லங்கய்யா. மெஷின் ஓடும்போது கோடு நடுங்கும். அவ்வளவுதான்."

"எந்த ஊர் மண்ணு இது?"

"எங்க ஆபீஸ் வாசல்ல இருக்கிற பூந்தொட்டி மண்ணு."

சன்னாசி இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தார்ப்பாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் குங்குமத்தின் மேல் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"அப்ப என் பிள்ளை இங்க இல்லையா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது."

"அப்ப நான் எங்க நின்னு கும்பிடுறது?"

"தெரியலங்கய்யா" என்றார் ஜெனோவா.

சன்னாசி அழுதார். ஏழு மாதமாக அவர் அழுது யாரும் பார்க்கவில்லை என்று கீழே லைன் வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, முழங்காலில் நெற்றியை வைத்து அழுதார். பொன்னுலிங்கம் தொடப் போனார். ஜெனோவா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சன்னாசி எழுந்தார். தாள், பாத்திரம், போர்வை எதையும் எடுக்கவில்லை. கல்லைத் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கி நடந்தார். அவர்கள் பின்னால் போனார்கள்.

*

நாலாம் நாள் விரிசலுக்குக் கீழே இருந்த மலை இறங்கியது. குடிசை, கல், செவ்வந்தி எல்லாவற்றின் மேலும் இரண்டு ஆள் உயரத்துக்கு மண். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லாததால் உயிருக்குச் சேதம் இல்லை.

மறுபடி மண் எடுக்க இருவரும் வந்தார்கள். வேலை முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூன்றாம் வகுப்பறையில் சன்னாசி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டில் சோறு, தொடப்படாமல் இருந்தது. இருமல் திரும்பியிருந்தது.

"ஐயா" என்றார் பொன்னுலிங்கம்.

சன்னாசி திரும்பவில்லை.

"கொஞ்சம் சாப்பிடுங்க ஐயா."

பொன்னுலிங்கம் அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியே வந்தார்.

ஜெனோவா குழாயடியில் கையில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவர் என்கிட்ட பேசமாட்டேங்கறார்."

"ம்."

"சாப்பிடறதில்லையாம். தூங்கறதில்லையாம். சாமி கும்பிடறதையே விட்டுட்டாராம்."

ஜெனோவா விரல் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவினார்.

"நான் சொன்ன பொய்யில அவருக்கு அஞ்சு மாசம் நிம்மதி இருந்துச்சு மேடம்." பொன்னுலிங்கம் வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். "இப்ப நாம சொன்ன உண்மையில என்ன இருக்கு?"

ஜெனோவா குழாயை மூடினார். வகுப்பறை ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"அவர் இருக்கார்" என்றார்.